வழியுரிமை

பத்து வயதுப் பெண் பிள்ளையை உரக்கக் கத்தச் சொல்லும் சட்டப் புத்தகம் ஒன்று இருக்கிறது. பாய்மரப் படகுப் பந்தய விதிகள் என்று அதற்குப் பெயர். இரண்டு படகுகள் மோதும்படி எதிரெதிரே வந்தால், வலப்பக்கத்திலிருந்து காற்றை வாங்கி வரும் படகுக்கு வழியுரிமை. இடப்பக்கத்திலிருந்து வாங்கி வரும் படகு விலக வேண்டும். எதிரே வருவது பையனா, மூன்று வயது மூத்தவனா, போன ஆண்டு கோப்பை வாங்கியவனா என்பதெல்லாம் கணக்கில் கிடையாது. வழியுரிமை உள்ளவள் ‘ஸ்டார்போர்டு!’ என்று குரல் கொடுக்கிறாள். அவன் விலகவில்லை என்றால் உடனே ‘புரோட்டெஸ்ட்!’ என்று அவன் காதில் விழும்படி கத்த வேண்டும். அங்கே வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டுக் கரைக்கு வந்து அழுதால் புகார் செல்லாது.

அதே வயதுப் பெண்ணுக்கு நம் வீடுகளில் என்ன சொல்லித் தருகிறோம்? குரலை உயர்த்தாதே. எதிர்த்துப் பேசாதே. அவன் ஆம்பளப் பிள்ளை, அப்படித்தான் இருப்பான், நீ விட்டுக்கொடு. பெண்ணின் நல்ல குணம் என்று நாம் பட்டியல் போடுகிற அத்தனையும் இந்தச் சட்டப் புத்தகத்தின்படி தோற்பதற்கான வழிகள். அதனால்தான் இந்த விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று பெண்ணியம் பேசுகிறவர்களே ஒதுக்கிவிட்ட ஒன்றில், நம் பெண்களுக்கு வேறு எங்கும் கிடைக்காத ஏதோ கிடைக்கிறது. கிடைத்ததை 15 வயதில் பிடுங்கிக்கொள்கிறார்கள். யார் பிடுங்குகிறார்கள், எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் வாழ்வது சிங்கப்பூரில். நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் தீவு. என் மகள் ஒன்பது வயதில் படகேறினாள். ஆறு ஆண்டுகளாக வார இறுதிகளில் நான் தொடக்கக் கோட்டுப் படகில் தொண்டூழியராக உட்கார்ந்து, கோட்டைத் தாண்டும் படகுகளின் பாய் எண்களைத் தாளில் எழுதுகிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கொடி, நான்கு நிமிடத்துக்கு ஒரு கொடி, ஒரு நிமிடத்தில் ஒரு கொடி இறக்கம், பிறகு தொடக்கம். இந்த வரிசை எனக்குத் தூக்கத்திலும் வரும். மகளுக்கு இந்த ஆண்டு 15 வயது நிறைகிறது. அவள் ஓட்டும் சின்னப் படகில் பந்தயத்துக்குப் போக இதுவே கடைசி ஆண்டு. அடுத்த படகு உண்டா இல்லையா என்று குடும்பத்தில் எல்லாரும் பேசுகிறார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தச் சின்னப் படகின் பெயர் ஆப்டிமிஸ்ட். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் 1947இல் வடிவமைத்தது. பெரிய செலவில்லாமல் ஒட்டுப்பலகையில் குழந்தைகளுக்குச் செய்து தரக்கூடிய படகு வேண்டும் என்பதே அன்றைய நோக்கம். நீளம் இரண்டேகால் மீட்டருக்குச் சற்று அதிகம். எடை 35 கிலோ. மூக்கு சப்பையான பெட்டி போல இருக்கும். ஒரு பாய், ஒரு சுக்கான், ஒரு நடுப்பலகை, ஒரு கயிறு. தண்ணீர் புகுந்தால் இறைக்க, பிளாஸ்டிக் பால் கலனை வெட்டிச் செய்த குவளை. உள்ளே ஒரே ஒரு பிள்ளை.

இந்த ‘ஒரே ஒரு பிள்ளை’ என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டில் வளரும் ஒரு தமிழ்ப் பெண் பிள்ளை வாரத்தில் எத்தனை நிமிடம் பெரியவர் கண்ணில் படாமல் இருக்கிறாள்? பள்ளி, இணைப்பாட நடவடிக்கை, துணைப்பாட வகுப்பு, சனிக்கிழமை நடன வகுப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதுகூடக் கைப்பேசி வழியாக ஒரு பெரியவர் கூடவே போகிறார். பந்தயத்தில் அது முடியாது. பந்தயம் நடக்கும்போது படகுக்கு வெளியிலிருந்து உதவி பெறக் கூடாது என்று விதி சொல்கிறது. காயம், ஆபத்து போன்ற சில நிலைமைகளுக்கு மட்டுமே விலக்கு. பயிற்சியாளர் ‘இடப்பக்கம் போ’ என்று கத்தினாலும், அப்பா மோட்டார் படகிலிருந்து சைகை காட்டினாலும் தண்டனை அவளுக்கு. ஆகவே அவர்கள் தள்ளி நிற்கிறார்கள். தண்ணீரின் நிறம் எங்கே கறுக்கிறது, அடுத்த காற்று எங்கிருந்து வரும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, மிதவையைச் சுற்றும்போது உள்பக்கம் புகலாமா என்பதை எல்லாம் அவளே பார்த்து அவளே முடிவு செய்ய வேண்டும். முடிவு தப்பினால் இருபதாவதாக வருவாள். அதுவும் அவளுடையதுதான்.

பள்ளிகளும் மன்றங்களும் இதைத் ‘தன்னம்பிக்கை வளர்ப்பது’ என்று விளம்பரம் செய்கின்றன. எனக்கு அந்தச் சொல் அலுத்துவிட்டது. தன்னம்பிக்கை என்று சொல்லும்போது குறை பெண்ணிடம் இருப்பதாக ஆகிவிடுகிறது. அவளிடம் இல்லாத ஒன்றை நாம் ஊட்ட வேண்டும் என்று ஆகிவிடுகிறது. நான் தொடக்கக் கோட்டில் பார்க்கும் எட்டு வயது, ஒன்பது வயதுப் பெண்களிடம் நம்பிக்கைக்குக் குறைவே இல்லை. அவர்களுக்கு அங்கே உரிமை கிடைக்கிறது. எழுதிவைத்த உரிமை, கேட்டு வாங்கக்கூடிய உரிமை, மறுத்தால் விசாரணைக்கு இழுக்கக்கூடிய உரிமை.

அந்த விசாரணையையும் சொல்லிவிடுகிறேன். கடலில் ‘புரோட்டெஸ்ட்’ என்று கத்தியவள் கரைக்கு வந்ததும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மேசை. அதன் பின்னால் குழு. எதிரே அவளும் அந்தப் பையனும். மேசை மேல் சின்னச் சின்னப் பொம்மைப் படகுகளை நகர்த்தி, காற்று இப்படி வந்தது, நான் இங்கே இருந்தேன், அவன் அங்கிருந்து வந்தான் என்று அவள் சொல்ல வேண்டும். பையன் அவளைக் கேள்வி கேட்கலாம். அவளும் அவனைக் கேட்கலாம். சாட்சி கூப்பிடலாம். அவளுக்குப் பதிலாக அம்மாவோ அப்பாவோ பேச முடியாது. தக்க காரணம் இல்லாவிட்டால், படகின் சார்பில் பேசுகிறவர் அந்தப் படகில் இருந்தவராக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு பத்து வயதுப் பெண்ணின் சொல்லை, அவள் அப்பா யார் என்று கேட்காமல், முதல் சாட்சியமாக ஏற்கும் இடம் நம் சமூகத்தில் வேறு எங்கே இருக்கிறது? குடும்பப் பஞ்சாயத்துகளில் நாற்பது வயதுப் பெண்ணுக்கே அது கிடைப்பதில்லை.

சரி, பெண்களால் இந்த விளையாட்டில் ஜெயிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு மூன்று ஆண்டுகளின் பட்டியலைத் தருகிறேன். ஆப்டிமிஸ்ட் உலகப் போட்டியில் ஆண், பெண் என்று தனிப் பந்தயம் கிடையாது. எல்லாரும் ஒன்றாகத்தான் ஓட்டுகிறார்கள். 2010ஆம் ஆண்டுக்கான உலக வெற்றியாளர் தாய்லாந்தின் நொப்பக்காவ் பூன்பட். 2011க்குச் சிங்கப்பூரின் கிம்பர்லி லிம். 2012க்குச் சிங்கப்பூரின் எலிசா யுக்கியே யோக்கோயாமா. மூவரும் பெண்கள். மூவரும் நம் வட்டாரத்துப் பிள்ளைகள். உலகம் முழுவதும் இருந்து வந்த பையன்களைப் பின்னால் விட்டுவிட்டு, தொடர்ந்து மூன்று முறை. ‘பெண்களில் முதல்’ என்று ஒரு கோப்பையைத் தனியாக வைத்திருக்கும் போட்டிகளின் ஏற்பாட்டாளர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும். எல்லாரிலும் முதலாக வரக்கூடியவளிடம், நீ உன் கூட்டத்துக்குள் முதலாக வந்தால் போதும் என்று எட்டு வயதிலேயே சொல்லிக்கொடுப்பது ஊக்குவிப்பு ஆகாது.

கிம்பர்லி லிம் அதோடு நிற்கவில்லை. சிசிலியா லோவுடன் சேர்ந்து 2018 ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வாங்கினார். தோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கப் பந்தயம் வரை போன முதல் சிங்கப்பூர்ப் படகோட்டிகள் இந்த இருவரும்தான். நம் மொழி பேசும் ஊரிலிருந்தும் ஒருவர் உண்டு. சென்னையின் நேத்ரா குமணன். பாய்மரப் படகோட்டத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். தோக்கியோவிலும் 2024 பாரிஸ் விளையாட்டுகளிலும் போட்டியிட்டார். சின்ன வயதில் தொடங்கி, யாரும் இறக்கிவிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இவர்கள் சாட்சி. இவர்களை மேடையில் ஏற்றி மாலை போடுகிற நாம்தான் நம் வீட்டுப் பெண்ணைக் கரையேற்றுகிறோம்.

என் கையிலிருக்கும் தாள்களைப் பற்றிச் சொல்கிறேன். இது நாடு தழுவிய கணக்கு இல்லை. நான் உட்காரும் படகிலிருந்து நான் எழுதிய எண்கள் மட்டுமே. புதிதாக வரும் பிள்ளைகளின் கூட்டத்தில் பெண்ணும் பையனும் ஏறக்குறையச் சமமாக இருக்கிறார்கள். வயது ஏற ஏறப் பெண்களின் எண்கள் ஒவ்வொன்றாக என் தாளிலிருந்து மறைகின்றன. பதினைந்துக்கு மேல் ஓட்டும் பெரிய படகுகளின் தொடக்கத்தில் விரல் விட்டு எண்ணலாம். ‘அவளுக்கு ஆர்வம் போய்விட்டது’ என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். ஆர்வம் தானாகப் போவதில்லை. அதைத் துரத்துகிறவர்கள் இருக்கிறார்கள். துரத்துவதற்கு அவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று.

முதல் காரணம் தோல். என் பெரியம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் இதையே கேட்பார்: “ஏம்மா, பிள்ள இப்படிக் கறுத்துப் போயிட்டாளே, நாளைக்கு யாரும்மா கட்டிக்குவா?” அவருடைய பேரன் நடுப்பகலில் காற்பந்து ஆடிவிட்டு வருவான். அவனை யாரும் கேட்டதில்லை. 15 வயதுப் பெண்ணின் தோலை அவளுடைய தோலாகப் பார்க்காமல், பத்து ஆண்டு கழித்து யாரோ ஒருவன் வந்து பார்க்கப்போகும் சரக்காகப் பார்க்கிற பார்வை இது. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. நம் பெரியம்மாக்களும் அத்தைகளும் இன்னும் மாறவில்லை. வெயில் உடம்புக்குக் கெடுதல் என்றால் அதற்கு மருந்து இருக்கிறது: முழுக்கைச் சட்டை, தொப்பி, வெயில் தடுப்புக் களிம்பு. அது பையன்களுக்கும் வேண்டும். பையனுக்குக் களிம்பு, பெண்ணுக்குத் தடை என்றால் கவலை உடல்நலம் பற்றியது இல்லை.

இரண்டாவது காரணம் படிப்பு. சிங்கப்பூரில் இது வெளியே சொல்ல வசதியான காரணம். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வுக்கு முன் நேரடிப் பள்ளிச் சேர்க்கை என்று ஒரு வழி உண்டு. விளையாட்டில் திறமை காட்டினால் நல்ல உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைக்கும். அதற்காகவே பிள்ளையைப் படகேற்றுகிற பெற்றோர் நிறைய. இடம் கிடைத்துவிட்டால் படகின் வேலை முடிந்தது. பையன்களும்தானே தேர்வுக்காக நிறுத்துகிறார்கள் என்று கேட்பீர்கள். உண்மை, அவர்களும் நிறுத்துகிறார்கள். ஆனால் பேசுகிற சொல்லைக் கவனியுங்கள். “தேர்வு முடியட்டும், அப்புறம் போகட்டும்” என்பது பையனுக்கு. “போதும், இவ்வளவு நாள் போனாளே” என்பது பெண்ணுக்கு. அவனுக்கு இடைவேளை. அவளுக்கு முற்றுப்புள்ளி.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அது உடம்பு. இங்கே பந்தய நாள் என்றால் காலை பத்து மணிக்குக் கரையை விட்டுப் போனால் திரும்பும்போது மாலை மூன்று, நான்கு ஆகிவிடும். டிசம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் காற்று நன்றாக இருக்கும். பந்தயம் மளமளவென்று முடியும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் காற்று செத்துக் கிடக்கும். கண்ணாடி போன்ற தண்ணீரில், தலைக்கு மேல் வெயிலில், பிள்ளைகள் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். ஆப்டிமிஸ்டில் கழிப்பறை கிடையாது. பையன்கள் படகின் ஓரத்தில் வேலையை முடித்துக்கொள்கிறார்கள். பெண்களுக்கு என்ன சொல்லப்படுகிறது தெரியுமா? ‘தண்ணீர் குறைவாகக் குடி.’ ஒரு மன்றத்தில் பொறுப்பில் இருந்த ஒருவர் என்னிடமே இதை யோசனையாகச் சொன்னார். மன்றத்தின் பெயர் வேண்டாம். அவர் கெட்டவரும் இல்லை. வெப்ப மண்டலத் தீவில், வியர்த்துக் கொட்டும் வேலை செய்யும் சிறுமியிடம் தாகத்தை அடக்கச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. மாதவிடாய் நாட்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பயிற்சியாளரும் ஆண், மீட்புப் படகு ஓட்டுகிறவரும் ஆண், தொடக்கக் கோட்டு அதிகாரியும் ஆண். 12 வயதுப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? இரண்டு முறை வயிற்றுவலி என்று வீட்டில் தங்குவாள். மூன்றாவது முறை, அவளுக்கு ஆர்வம் போய்விட்டது என்று எழுதிவிடுவார்கள்.

இதற்குப் பெரிய பணமோ புரட்சியோ தேவை இல்லை. காற்று இல்லையென்றால் பந்தயத்தை ஒத்திவைக்கும் கொடியைக் கரையிலேயே ஏற்றலாம். விதியில் அதற்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பிக் காத்திருக்க வைப்பதா, கரையில் நிழலில் காத்திருக்க வைப்பதா என்பது ஓர் அதிகாரியின் முடிவு. அந்த முடிவை எடுக்கிறவருக்குத் தண்ணீரில் ஐந்து மணி நேரம் சிறுநீரை அடக்கிய அனுபவம் இல்லை. அதிகாரத்தில் யார் இருக்கிறார்கள் என்ற பெண்ணியக் கேள்வி இவ்வளவு எளிமையானது: கொடியை ஏற்றும் கை யாருடையது?

உலக அளவிலும் கதை இதேதான். 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே பாய்மரப் பந்தயம் இருந்தது. அதில் வென்ற படகில் ஹெலன் தெ புர்த்தலெஸ் என்ற பெண்ணும் இருந்தார். அப்படியிருந்தும் பெண்களுக்கெனத் தனிப் பந்தயம் வந்தது 1988 சோல் விளையாட்டுகளில்தான். 2024இல் வந்த பிறகே பந்தயங்கள் சரிசமமாயின: பத்தில் நான்கு ஆண்களுக்கு, நான்கு பெண்களுக்கு, இரண்டு இருவரும் சேர்ந்து. இடையில் கழிந்தவை 124 ஆண்டுகள். அத்தனை காலமும் காற்று பெண்களின் பாயில் வீச மறுக்கவில்லை.

இனி கரைப் பக்கம் வருகிறேன். பெண்ணியம் பேசுகிறவர்களுக்கு இங்கேதான் சங்கடம். வார இறுதிப் பந்தயம் என்ற இந்த அழகான ஏற்பாடு எதன் மேல் நிற்கிறது? அம்மாக்களின் வேலை மேல். விடியற்காலையில் எழுந்து சோறு கட்டுவது, ஈரத் துணிகளை அலசுவது, உப்பு படிந்த கயிறுகளைக் கழுவுவது, பணம் கட்டுவது, படிவம் நிரப்புவது. அப்பாக்கள் காற்றின் போக்கைப் பற்றி ஒரு காப்பிக்கு மேல் பேசுவார்கள். ஆண்டுக் கூட்டத்தில் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். விதிப் புத்தகம் அவர்களிடம், சாப்பாட்டு டப்பா நம்மிடம்.

அதற்கும் கீழே ஒரு தட்டு இருக்கிறது. மன்றங்களின் சாய்தளத்தில் ஞாயிறு காலை போய் நின்று பாருங்கள். தள்ளுவண்டியில் படகை ஏற்றித் தண்ணீர் வரை தள்ளிக்கொண்டு போகும் பெண்களில் சிலர் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் இல்லை. இல்லப் பணிப்பெண்கள். இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் நம் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற விதி அவர்களுக்கு 2013இல்தான் வந்தது. அதையும் கூடுதல் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது அப்படி விலை பேசக் கூடாது என்ற திருத்தம் 2023இல் வந்தது. நம் மகள் கடலில் சுதந்திரமாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை, இன்னொருத்தியின் பறிபோன ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அதற்கு விடுதலை என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆப்டிமிஸ்டின் எடை 35 கிலோ. இரண்டு பிள்ளைகள் சேர்ந்தால் வண்டியில் ஏற்றிவிடலாம். ஓட்டுகிறவளே தள்ளட்டும். இழுத்து, தூக்கி, கழுவி, மடித்து வைக்கட்டும். பெண் பிள்ளை பாரம் தூக்கக் கூடாது என்பதும் படகை இன்னொரு பெண் தூக்கலாம் என்பதும் ஒரே அநியாயத்தின் இரண்டு பக்கங்கள்.

‘இதெல்லாம் பணக்காரர் வீட்டுப் பிரச்சினை’ என்பவர்களுக்கு என் பதில்: ஆமாம், பணக்காரர்களுடையதாக ஆக்கப்பட்ட பிரச்சினை. இந்தத் தீவின் தெற்கே இருந்த குட்டித் தீவுகளில் மலாய் மக்கள் கோலேக் படகுகளில் பாய் விரித்துப் பந்தயம் விட்டார்கள். மேம்பாடு என்ற பெயரில் அவர்களை அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றினார்கள். அவர்கள் வாழ்ந்த புலாவ் செக்கிங் தீவு இப்போது செமக்காவ் குப்பை நிரப்பிடத்தின் பகுதி. ஈஸ்ட் கோஸ்ட்டின் கடற்கரையே மண் கொட்டி உண்டாக்கியது. கடலோடு வாழ்ந்தவர்களிடமிருந்து கடலை எடுத்து, பிறகு உறுப்பினர் கட்டணம் கட்டியவர்களுக்கு அதை வார இறுதியில் திருப்பித் தருகிறோம். ஒட்டுப்பலகையில் மலிவாகப் பிறந்த படகு இன்று கண்ணாடியிழையில் பல ஆயிரம் வெள்ளிக்கு விற்கிறது. இதைக் காரணமாக்கிப் பெண்ணியவாதிகள் விலகி நின்றால் லாபம் யாருக்கு? எல்லா வசதியும் உள்ள பெண்ணையே 15 வயதில் இறக்கிவிட முடிகிற சமூகம், வசதி இல்லாதவளை ஏறவே விடாது. இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

‘கடல் ஆபத்து’ என்று ஓர் எதிர்ப்பும் உண்டு. பிள்ளைகள் மிதவைச் சட்டை இல்லாமல் தண்ணீரில் இறங்குவதில்லை. மீட்புப் படகுகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. சுமத்ராப் பக்கமிருந்து இடியும் மழையும் கிளம்பினால் பந்தயத்தை நிறுத்திக் கரைக்கு அழைத்து வந்துவிடுகிறோம். என் மகள் கடலில் பத்திரமாக இருந்த அளவுக்குப் பேருந்தில் பத்திரமாக இருந்தாளா என்று கேட்டால் என்னிடம் வேறு கதைகள் இருக்கின்றன. அம்மாக்களான நமக்குள் ஒரு பயம் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயம் எதைப் பற்றியது? அவள் கவிழ்ந்துவிடுவாள் என்றா? கவிழ்ந்தால் நிமிர்த்தத்தான் முதல் வாரமே கற்றுக்கொடுக்கிறார்கள். அவள் நம் கண்ணுக்கு எட்டாமல், நம் யோசனை கேட்காமல், நன்றாகவே இருக்கிறாள் என்பதுதான் நமக்குத் தாங்கவில்லை.

‘பெண் என்றால் அடுத்த படகுக்கு எடை போதாது’ என்பார்கள். ஆப்டிமிஸ்டை அடுத்து வரும் ஐஎல்சிஏ படகில் உடல்கூடு ஒன்றே; சின்னப் பாய், நடுத்தரப் பாய், பெரிய பாய் என்று ஓட்டுகிறவரின் எடைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். பெண்களின் ஒலிம்பிக் பந்தயமே நடுத்தரப் பாயில்தான் நடக்கிறது. ஆக, படகு செய்கிறவர்கள் எப்போதோ விடை கண்டுவிட்ட கேள்வியை நம் உறவினர்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது இவை. மன்றங்களிடம்: காற்றில்லாத நாளில் ஒத்திவைப்புக் கொடியைக் கரையில் ஏற்றுங்கள். நீண்ட நாளில் பந்தயங்களுக்கு நடுவே பிள்ளைகளைக் கரைக்கு விடுங்கள். ஒவ்வொரு பயிற்சி வட்டத்திலும் ஒரு பெண்ணாவது படகில் இருக்கட்டும். முதலுதவிப் பெட்டியில் கட்டுத்துணி இருப்பது போல அணையாடையும் இருக்கட்டும். 15 வயது கடக்கும் பெண்களுக்கு மன்றத்தின் பெரிய படகுகளை இரண்டு ஆண்டுகள் இரவல் கொடுங்கள். அதில் முதல் பங்கு உறுப்பினர் அல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு. விசாரணை மேசைக்குப் பின்னால் ஒரு பெண்ணாவது உட்காரட்டும்.

அம்மாக்களிடம்: சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்துவிட்டு விதிப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். தொடக்கக் கோட்டுப் படகில் ஏறுங்கள். கொடி ஏற்றக் கற்றுக்கொள்ள மூன்று வார இறுதி போதும். நான் ஏறியபோது எனக்கு நீச்சல்கூடச் சரியாகத் தெரியாது; மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினேன். அப்பாக்கள் சோறு கட்டட்டும். யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை.

என் குடும்பத்தாரிடம்: அடுத்த படகு பற்றிய கூட்டத்தில் முதலில் பேச வேண்டியவள் அவள். கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அவளுக்கும் உண்டு. அந்தப் படகில் இருந்தவள் அவள் மட்டுமே. அவளுக்குப் பதிலாக நானும் பேசமாட்டேன், நீங்களும் பேச முடியாது. அவள் வேண்டாம் என்று சொன்னால் அது அவள் முடிவு. மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வேன். ஆனால் தோலுக்காகவும் வரப்போகும் மாப்பிள்ளைக்காகவும் அவளைக் கரையேற்றினால், நான் எழுத்தில் புகார் கொடுப்பேன். இது அதன் முதல் பக்கம்.

இதை வாசிக்கும் மாணவிகளிடம் கடைசியாக ஒன்று. உங்களில் பெரும்பாலோர் பாய்மரப் படகைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். பரவாயில்லை. உங்கள் கல்லூரியில், விடுதியில், ஆய்வுக்கூடத்தில், பேருந்தில் உங்கள் வழியில் யாராவது வந்துகொண்டேதான் இருப்பார்கள். வழி உங்களுடையது என்று எங்கே எழுதியிருக்கிறது என்பதைத் தேடிப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். விடுதி விதி, தேர்வு விதி, வேலைச் சட்டம், பாலியல் தொல்லைக்கு எதிரான குழுவின் நடைமுறை, எதுவானாலும். படித்தவள்தான் அந்த நொடியில் சரியான சொல்லைக் கத்த முடியும். அப்புறம் கரைக்கு வந்து எழுத்தில் கொடுங்கள். உங்கள் குரல் அதிகம் உயர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எதிரே வருகிறவனுக்குக் கேட்க வேண்டிய அளவுக்குத்தான் உயர்ந்தது என்று பதில் சொல்லுங்கள்.